நார்த்தாமலையும் மழை இடித்த கோயிலும்

போன வருஷம் ஐப்பசி மழையில நண்பன் வீட்டுப் பின்சுவர் விழுந்துடுச்சு. யாருக்கும் அடி இல்லை. விழுந்த நேரத்துல அடுப்படியில ஒரு பூனை மட்டும் இருந்ததாம், அதுவும் தப்பிச்சுடுச்சு. "மாப்ளே, இந்த வீட்டைப் பாக்கணும்னா இப்பவே வந்துடு. அடுத்த தடவை வந்தா கான்க்ரீட் வீடுதான் இருக்கும்"னு போன்ல சொன்னான். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே ரூம். செமஸ்டர் லீவுல அந்த வீட்டுத் திண்ணையில தூங்கியிருக்கேன். சரி, இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மிதானேனு வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னையில பஸ் ஏறிட்டேன்.

திருச்சியில இறங்கி, புதுக்கோட்டை பஸ் பிடிச்சு, கீரனூர் தாண்டினதும் ஜன்னல் பக்கம் ஒரு மாற்றம் தெரியும். அதுவரைக்கும் தட்டையா வர்ற பூமியில திடீர்னு மொட்டைப் பாறைகள் எழும்பி நிக்கும். மரம் இல்லை, பச்சை இல்லை, யானை படுத்திருக்கற மாதிரி கருஞ்சாம்பல் பாறை. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிட்டுப் போறப்ப சிதறி விழுந்த துண்டுகள்தான் இதெல்லாம்னு ஊருக்குள்ள ஒரு கதை உண்டு. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மாடிமலைனு மொத்தம் ஒன்பது குன்றுகள். எல்லாம் சேர்ந்துதான் நார்த்தாமலை. நார்த்தங்காய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க (நான் ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், ஹி ஹி). நகரத்தார் மலைங்கறதுதான் தேய்ஞ்சு நார்த்தாமலை ஆச்சுனு சொல்றாங்க. 'நகரம்'னா சோழர் காலத்துல வணிகர் சபை. இந்த ஊரை நிர்வாகம் பண்ணினது வியாபாரிகள்தான். ராஜராஜன் காலத்துல ஊருக்கு அவனோட பட்டப்பேரை வச்சு தெலுங்குகுலகாலபுரம்னு பேர். பஸ் போர்டுல எழுத இடம் பத்தாதுனு நினைக்கறேன், அதான் நல்ல வேளையா அந்தப் பேர் நிக்கலை.

நண்பன் பைக்கோட நின்னுட்டிருந்தான். வீட்டுக்குப் போனா வாசல், திண்ணை, நடுவுல முற்றம் எல்லாம் அப்படியே இருக்கு. அடுப்படிக்குப் போனாத்தான் விஷயம் தெரியுது. மண்ணும் செங்கல்லும் வச்சுக் கட்டின சுவர் முழுசா இல்லை. நீலத் தார்ப்பாய் கட்டியிருக்காங்க. அம்மா கூடத்துலயே அடுப்பு வச்சுட்டாங்க. "என்னப்பா இப்படி இளைச்சுட்ட"னு கேட்டுட்டு எனக்கு அஞ்சு இட்லி வச்சாங்க. சென்னைக்கு வந்து எட்டு கிலோ ஏறின ஆளு நான். அம்மாக்கள் கண்ணுக்கு வேற தராசு போலிருக்கு.

வீட்டுல ஒரு பனிப்போர் நடந்துட்டிருக்குனு சாப்பிடும்போதே புரிஞ்சுது. வெளிநாட்டுல இருக்கற அண்ணன் மொத்தத்தையும் ஜேசிபி விட்டு இடிச்சுட்டு மாடி வீடு கட்டலாம்கறார், பணமும் அனுப்பறேங்கறார். நண்பனுக்கும் அதுல பாதி மனசு. அப்பா ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாம இருக்கறதுதான் அவர் பதில்னு அம்மா சொன்னாங்க. அவர் அரசுப் பள்ளியில வரலாறு வாத்தியார், ஓய்வு பெற்று நாளாச்சு. அந்தக் காலத்துல வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பசங்களை மேலமலைக்குக் கூட்டிட்டுப் போவாராம். இப்ப முட்டி வலி, ஏற முடியாது.

நாங்க கிளம்பறப்ப அப்பா கேட்டார். "தம்பி, மேல இருக்கற கோயில் யார் கட்டினது?"

பொன்னியின் செல்வனை மூணு தடவை படிச்ச திமிர்ல, "இதென்னப்பா கேள்வி, பேர்லயே இருக்கே, விஜயாலய சோழீஸ்வரம். சோழர்களோட முதல் கோயில்"னேன். அவர் சிரிச்சுட்டு, பழைய டைரியில இருந்து ஒரு தாளை எடுத்து என் சட்டைப் பையில வச்சார். "மேல போயி, வாசல்ல துவாரபாலகர் காலடியில பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

மேலமலை ஏர்றது கஷ்டமே இல்லை. படி கிடையாது, பாறைச் சரிவுல அப்படியே நடந்து போக வேண்டியதுதான். பத்து மணிக்கு மேல போனா கால் வெந்துடும், அவ்வளவுதான். பாதி வழியில தலையருவிச் சிங்கம்னு ஒரு சுனை. தண்ணிக்குள்ள ஒரு குடைவரை, அதுல ஒரு லிங்கம் மூழ்கிக் கிடக்கு. 19ஆம் நூற்றாண்டுல ராமச்சந்திர தொண்டைமானோட ராணி சுனைத் தண்ணி முழுக்க இறைக்கச் சொல்லி அந்த லிங்கத்தைக் கும்பிட்டுட்டுப் போனதாப் பக்கத்துலயே கல்வெட்டு இருக்கு. இறைச்சவங்க எத்தனை பேரோ, எத்தனை நாளோ, அதைப் பத்தி ஒரு வரியும் இல்லை. நான் எட்டிப் பாத்தப்ப பாசியும் தவளையும்தான் தரிசனம் குடுத்தது.

சரிவு முடியற இடத்துல சட்டுனு கோயில் தெரியும். போட்டோவுல பாத்ததைவிட சின்னது. தஞ்சாவூரை மனசுல வச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க. ஆனா கொஞ்ச நேரம் சுத்தி வந்தா விட்டு நகர மனசு வராது. வெளிச்சுவர் சதுரம், உள்ள கருவறை வட்டம். விமானத்துல கீழ்த்தளங்கள் சதுரமா வந்து, மேல போகப்போக வட்டமா மாறி, வட்டமான சிகரத்துல முடியுது. தமிழ்நாட்டுல அந்தக் காலத்துக் கோயில்கள்ல இது அபூர்வம். கோயில் மேற்குப் பார்த்தது. சுத்தி எட்டு சின்ன சந்நிதிகள் இருந்திருக்கு, இப்ப ஆறுதான் நிக்குது. மேல வரிசையில ஆடற பெண்களோட சிலைகள் இருக்கு, அவ்வளவு உயரத்துல வெயில்ல தன்பாட்டுக்கு ஆடிட்டிருக்காங்க.

இப்ப அப்பாவோட தாள். வாசல் பக்கத்துல துவாரபாலகருக்குக் கீழ சின்னதா ஒரு கல்வெட்டு. நமக்கு வட்டெழுத்தும் தெரியாது கிரந்தமும் தெரியாது. இது தமிழ் எழுத்துதான், ஆனா 1100 வருஷத்துக்கு முந்தின கையெழுத்து. டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு. தாளைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா ஒட்டவச்சுப் பாத்தோம். நண்பன் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சப்பதான் எழுத்து நிழல் விட்டு எழும்பிச்சு. விஷயம் இதுதான்: சாத்தன் பூதியான இளங்கோவதியரையர் எடுப்பிச்ச கற்றளி, அது மழை இடிச்சு அழிஞ்சது, மல்லன் விடுமனான தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பிச்சான்.

இவ்வளவுதான். விஜயாலயனும் இல்லை, சோழனும் இல்லை.

சாத்தன் பூதியை முத்தரையர் குலத் தலைவன்னு வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்றாங்க. முத்தரையர்னா யாரு? கிபி 850 வாக்குல விஜயாலயன் தஞ்சாவூரை யார்கிட்ட இருந்து பிடிச்சானோ, அவங்க. அதாவது தஞ்சையை இழந்த கூட்டத்துல ஒருத்தர் கட்டின கோயில், அதைப் பிடிச்ச ராஜாவோட பேர்ல நின்னுட்டிருக்கு. புதுப்பிச்சது விஜயாலயன் காலத்துல நடந்ததால அந்தப் பேர் வந்திருக்கலாம்னு ஒரு ஊகம் உண்டு. இருக்கலாம். ஆனா 'சோழர்களின் முதல் கோயில்'னு நம்ம ஆளுங்க பக்கம் பக்கமா எழுதறோமே (நானும் ஒரு காலத்துல எழுதியிருக்கேன்), அதுக்கு முன்னாடி காலடியில இருக்கற அந்த வரியை ஒரு தடவை படிச்சிருக்கலாம்.

"மழை இடிச்சு" அப்படிங்கற இடத்துல நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் நின்னுட்டோம். அது அடைமழையா, மழையோட வந்த இடியானு கேள்வி இருக்கு. மொட்டைப் பாறை உச்சியில கோபுரம் மாதிரி நிக்கற கட்டடத்துல இடி விழறது ஒண்ணும் அதிசயம் இல்லை. நண்பன் ஒண்ணும் பேசலை. அவன் மனசுல அடுப்படிச் சுவர் ஓடியிருக்கும்.

எனக்கு அந்த மல்லன் விடுமனைத்தான் பிடிச்சுது. காரணம் இருக்கு. நான் பண்றது மெயின்டனன்ஸ் வேலை. பத்து வருஷத்துக்கு முன்னாடி எவனோ எழுதிவச்ச கோடை இன்னிக்கு ஒட்டுப்போட்டு ஓட வைக்கறது. முதல் ஆளு பேரு கோப்போட தலையில இருக்கும், நம்ம பேரு எங்கயும் இருக்காது. இந்த மனுஷன் என்ன பண்ணியிருக்கார்? இடிஞ்சதை எடுத்துக் கட்டினார். 'நான்தான் கட்டினேன்'னு வெட்டிக்கலாம், கேக்க யாரு இருக்கா? ஆனா முதல்ல கட்டினவன் பேரை முன்னாடி போட்டு, இடிஞ்ச காரணத்தையும் போட்டு, கடைசியில தன் பேரைப் போட்டிருக்கார். சாத்தன் பூதி பேரு நமக்குத் தெரியறதே விடுமன் அதைச் சொன்னதாலதான்.

கோயிலுக்கு எதிர்த்தாப்ல, பாறைச் சரிவுல ரெண்டு குடைவரைகள் கிழக்குப் பாத்து இருக்கு. சின்னது பழியிலீச்சுரம். பல்லவ மன்னன் நிருபதுங்கனோட 7ஆம் ஆட்சியாண்டுல, 9ஆம் நூற்றாண்டோட ரெண்டாம் பாதியில, விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைஞ்சது. பழியிலினா பழி இல்லாதவன். பேர் வைக்கத் தெரிஞ்ச ஜனங்க! அவர் மகள் பழியிலி சிறியநங்கை அதுக்கு முன்னாடி முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் எடுத்து, நிலமும் குடுத்திருக்காங்க. அப்பா ஆரம்பிச்சதை மகள் முடிச்சிருக்காங்க. மண்டபம் போயிடுச்சு, மேடை மட்டும் மிச்சம். சிறியநங்கையோட புருஷன் பேர் மீனவன் தமிழதியரையனான மல்லன் அனந்தன்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. எதிர்ல கோயிலைப் புதுப்பிச்சவர் மல்லன் விடுமன், தென்னவன் தமிழதியரையன். இங்க மல்லன் அனந்தன், மீனவன் தமிழதியரையன். முன்னாடி வர்ற மல்லன் அப்பா பேரா இருந்தா, ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா இருக்க வாய்ப்பு இருக்கு இல்லையா? இது என் ஊகம்தான், கல்வெட்டு அறிஞர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா தலையில குட்டிட்டுப் போங்க.

இன்னொண்ணும் பாருங்க. விடேல்விடுகுங்கறது பல்லவ மன்னர்கள் கிட்ட இருந்து வர்ற பட்டம். தென்னவன், மீனவன் ரெண்டும் பாண்டியன் சம்பந்தப்பட்ட பேர். விஜயாலயன் சோழன். ஒரே பாறையில, நூறு அடிக்குள்ள, மூணு பேரரசுகளோட பேரும் இருக்கு. புதுக்கோட்டைப் பகுதி அப்ப இவங்க மூணு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட எல்லை நாடு. சின்னத் தலைவர்கள் எல்லாம் காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கத்துப் பட்டத்தைப் பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு, பெண் குடுத்து பெண் எடுத்து, நடுவுல கோயிலும் குடைஞ்சு காலத்தை ஓட்டியிருக்காங்க. வரலாற்றுப் புத்தகத்துல பேரரசு பேரரசாத்தான் படிக்கறோம். இவங்களுக்கு ஒரு பாராகூடக் கிடைக்கறதில்லை.

பெரிய குடைவரைக்குச் சமணர் குடகுனு பேர். உள்ள போனா சமணர் யாரும் இல்லை. ஆள் உயரத்துல பன்னிரண்டு விஷ்ணு, வரிசையா, கிட்டத்தட்ட ஒரே அச்சுல, அரையிருட்டுல நிக்கறாங்க. சட்டுனு நுழைஞ்சா உடம்பு சிலிர்க்கும். முதல்ல சமணக் குகையா இருந்து பிறகு மாறியிருக்கும்னு பேரை வச்சுச் சொல்றாங்க. பதினெண்பூமி விண்ணகரம்னு கல்வெட்டுப் பேர். பதினெண்பூமிங்கறது வணிகக் குழுவைக் குறிக்கற பேரு, அதாவது மறுபடியும் நம்ம வியாபாரிகள். முன்னாடி மண்டபத்தோட அடித்தளம் மட்டும் இருக்கு, அதைச் சுத்தி யானை, சிங்கம், யாளி எல்லாம் வரிசையா ஓடுது. ஒரு யானை மட்டும் திரும்பி நம்மளைப் பாக்குற மாதிரி எனக்குத் தோணிச்சு, நண்பன் இல்லைனு சாதிச்சான்.

நிழல்ல உக்காந்து அம்மா கட்டிக் குடுத்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். தூரத்துல கல் உடைக்கற சத்தம் கேட்டுட்டே இருந்தது. இந்தப் பக்கத்துக் கல்லுக்கு அன்னிக்கும் கிராக்கி, இன்னிக்கும் கிராக்கி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே இங்க இருந்துதான் கல் போச்சுனு ஊர்ல சொல்றாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் வண்டல் மண்ணுதான், எங்க இருந்தோ வந்துதான் ஆகணும். இப்ப எந்த அடுக்குமாடி வீட்டுத் தரைக்குப் போகுதோ. "மாப்ளே, ஒன்பது மலைல எத்தனை மிஞ்சும்னு நினைக்கற?"னு கேட்டான். பதில் எதிர்பாக்கற குரல்ல கேக்கலை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாகிட்ட சரண்டர் ஆனேன். "சாத்தன் பூதி"னேன். "அது பாதி விடை"னார். "மல்லன் விடுமன்". "ம்ம்"னுட்டு டைரியை நீட்டினார். அந்தத் தாளு புதுக்கோட்டை சமஸ்தானம் 1929ல வெளியிட்ட கல்வெட்டுத் தொகுப்புல இருந்து அவர் கையால எழுதி எடுத்தது. 1948 மார்ச்சுல இந்தியாவோட சேர்றதுக்கு முன்னாடியே அந்தச் சின்ன சமஸ்தானம் தன் எல்லைக்குள்ள இருந்த கல்வெட்டுகளை எல்லாம் படியெடுத்து அச்சுல போட்டுடுச்சு. லேசான காரியம் இல்லை. திருக்கோகர்ணத்துல அவங்க 1910ல ஆரம்பிச்ச அருங்காட்சியகமும் இருக்கு, அந்தப் பக்கம் போனா தவற விடாதீங்க. அப்பா அங்க பெஞ்சுல உக்காந்து எழுதின காலத்தைப் பத்தி ராத்திரி பத்து மணி வரைக்கும் கொசுவத்தி சுத்தினார். நாங்க முட்டை மாஸும் பரோட்டாவும் வாங்கிட்டு வந்து முற்றத்துல உக்காந்து கேட்டோம். அம்மா முட்டை தொடமாட்டாங்க, ஆனா கதைக்கு நடுநடுவுல அப்பாவைத் திருத்தினது அவங்கதான்.

ஞாயித்துக்கிழமை பைக்லயே குடுமியான்மலை. கோயிலுக்குப் பின்னால மலைச்சரிவுல, பதிமூணு பதினாலு அடி அகலம் உயரத்துக்கு ஒரு கல்வெட்டு. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு, கிரந்த எழுத்து. முழுக்க ஸ்வரங்கள். ஏழு பிரிவா, ஏழு கிராம ராகங்களுக்கு. ச, ரி, க மட்டும் இல்லை. ச சி சு செ, ர ரி ரு ரெனு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உயிர் மாத்தி மாத்தி, நாலு நாலு எழுத்தா கட்டம் போட்ட மாதிரி இருக்கு. அந்த உயிரெழுத்து மாற்றம் எதைக் குறிக்குதுங்கறதுல இசை அறிஞர்களுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து வரலை. எனக்கு டாக்குமென்டேஷன் இல்லாத ஒரு டேட்டா ஃபைலைத் திறந்த மாதிரி இருந்தது. எழுதினவர் ருத்ராசாரியார்ங்கறவரோட சீடரான ஒரு ராஜா, மாணவர்களுக்காக எழுதினேன்னு முடிவுல சொல்றார். பேரைச் சொல்லலை! மகேந்திரவர்மன்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க, இப்ப அதையும் சந்தேகப்படறாங்க. கடைசியில தமிழ்ல, எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியனு ஒரு குறிப்பு வேற.

திரும்பற வழியில விராலிமலைப் பக்கம் சுத்திக்கிட்டு கொடும்பாளூர். வானதி ஊரு, விடமுடியுமா? இருக்குவேள் குலத்துப் பூதி விக்கிரமகேசரி 10ஆம் நூற்றாண்டுல தன் பேருக்கு ஒண்ணு, கற்றளி, வரகுணைங்கற ரெண்டு ராணிகள் பேருக்கு ஒவ்வொண்ணுனு கட்டின மூவர் கோயில். ரெண்டு விமானம் நிக்குது. மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்தான். அது எப்ப விழுந்தது, ஏன் விழுந்ததுனு சொல்ல அங்க ஒரு விடுமன் இல்லை. புல்தரை நல்லா பராமரிக்கறாங்க. நண்பன் அந்த வெறும் அடித்தளத்து மேல ரொம்ப நேரம் உக்காந்திருந்தான், நான் போட்டோ எடுத்துட்டே சுத்திட்டிருந்தேன். எழுந்து வந்தவன், "மாப்ளே, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கீரனூர்ல ஒருத்தர் இருக்கார்னு அம்மா சொன்னாங்க. விலை கேட்டுப் பாக்கறதுல என்ன இருக்கு?"னான். நான் ஒண்ணும் இல்லைனேன்.

ராத்திரி பஸ் ஏத்தி விட அப்பாவும் ரோடு வரைக்கும் நடந்து வந்தார், முட்டி வலியோட. திங்கட்கிழமை காலையில ஆபீஸ்ல வந்து பாத்தா, கல்வெட்டை எடுத்த போட்டோ மொத்தமும் ஆடிப்போயிருக்கு. ஒரு எழுத்து தெரியலை. சாய்வெயில் நேரத்துல இன்னொரு தடவை ஏறணும். சித்தன்னவாசலும் பாக்காம விட்டுப் போச்சு. கொத்தனார் வந்து பாத்துட்டு, சுவரை எடுத்துக் கட்டலாம், ஓட்டைப் பிரிக்க வேண்டாம்னு சொன்னாராம். அண்ணன் இன்னும் ஒத்துக்கலை. தை பொறந்ததும் வரேன்னு சொல்லியிருக்கேன்.